கைத்தையல் தோல் பொருளை எங்கே விற்பது: ரேலியா, பைக் ஷோவா, ஸ்வாப் மீட்டா?

அமெரிக்காவில் இருந்துகொண்டு தோல் வேலை பழகும் எல்லாருக்கும் ஒரு நாள் இந்த யோசனை வரும். தெரிந்தவர்களுக்கு நாலு பெல்ட், இரண்டு பர்ஸ் தைத்துக் கொடுத்திருப்போம். அதில் ஒருவர் ஹார்லி பைக் வைத்திருப்பார். ‘ஸ்டர்ஜிஸ் பைக் ரேலில ஒரு கடை போடுங்க, அள்ளிக்கிட்டுப் போயிடுவாங்க’ என்பார். அன்று ராத்திரி தூக்கம் போய்விடும்.

நானும் அப்படிக் கணக்குப் போட்டுப் பார்த்தவன்தான். இத்தனை லட்சம் பேர் வருகிறார்கள், ஆயிரத்தில் ஒருவர் வாங்கினால்கூடப் போதும் என்று ஓடும் அந்தக் கணக்கு. கேட்க இனிக்கும், ஆனால் தலைகீழ்க் கணக்கு. எத்தனை பேர் வருகிறார்கள் என்பதை அப்புறம் பார்க்கலாம். உங்கள் கை வாரத்துக்கு எத்தனை பொருளை முடிக்கிறது என்பதிலிருந்துதான் தொடங்க வேண்டும். கடை போடும் இடத்தை முடிவு செய்வது அந்த எண்தான்.

இடங்கள் மூன்று வகை. முதலாவது பெரிய ரேலி, அதாவது பைக் ஓட்டுகிறவர்கள் பல நாள் கூடும் திருவிழா: தெற்கு டகோட்டாவில் ஆகஸ்டில் ஸ்டர்ஜிஸ், ஃபுளோரிடாவில் மார்ச்சில் டேடோனா பைக் வீக், நியூ ஹாம்ப்ஷயரில் ஜூனில் லகோனியா. இரண்டாவது கஸ்டம் பைக் ஷோ, அதாவது தங்கள் கையால் மாற்றிக் கட்டிய பைக்குகளின் கண்காட்சி: மில்வாக்கியின் மாமா ட்ரைட், போர்ட்லண்டின் ஒன் மோட்டோ ஷோ, ஆஸ்டினின் ஹேண்ட்பில்ட் ஷோ போன்றவை. (மாமா ட்ரைட் என்பதில் வரும் மாமா அம்மாவைக் குறிப்பது. நம் மாமா அதில் எதுவும் முயலவில்லை.) மூன்றாவது ஸ்வாப் மீட், அதாவது பழைய பைக்கும் உதிரி பாகமும் கைமாறும் சந்தை. 1954-இல் தொடங்கிய ஆன்டிக் மோட்டார்சைக்கிள் கிளப் ஆஃப் அமெரிக்காவின் கிளைகள் இப்படிப் பல சந்தைகளை நடத்துகின்றன. ஓஹாயோவில் வாசியான் அதில் பேர்போனது. அதே மாநிலத்தில் மிட்-ஓஹாயோ பந்தயத் திடலில் நடக்கும் ஏஎம்ஏ (அமெரிக்க மோட்டார்சைக்கிள் ஓட்டிகள் சங்கம்) விண்டேஜ் மோட்டார்சைக்கிள் டேஸ், அலபாமாவில் அக்டோபரில் நடக்கும் பார்பர் விண்டேஜ் ஃபெஸ்டிவல் இரண்டிலும் பெரிய ஸ்வாப் மீட் உண்டு.

இப்போது கைக்கணக்கு. வேலைக்குப் போய்விட்டு வந்து மாலையிலும் சனி ஞாயிறிலும் உட்கார்ந்தால் வாரத்துக்கு 15 மணி நேரம் கிடைக்கும் என்று வைத்துக்கொள்வோம். தையல் இல்லாத பெல்ட்டுக்கு, வெட்டி, ஓரம் சீவி, சாயம் போட்டு, ஓரத்தைத் தேய்த்து மெருகேற்ற, என் கைக்கு ஒன்றரை மணி நேரம். சாவிக்கொத்துப் பட்டைக்குக் கால் மணி. கார்டு வைக்கும் சின்ன பர்ஸுக்கு இரண்டு மணி. சங்கிலி மாட்டும் நீள பர்ஸுக்கு ஆறு மணி. ஸ்பேனர்களைச் சுருட்டி வைக்கும் டூல் ரோலுக்கு ஐந்து. ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி கோத்து, குத்தூசியால் துளை போட்டு, இரு பக்கமிருந்தும் மாற்றி மாற்றி இழுக்கும் சேடில் தையல் என்றால் இதற்கு மேல் வேகம் வராது.

ஒரு வார இறுதி ஸ்வாப் மீட்டுக்கு 12 பெல்ட், 30 சாவிப் பட்டை, 8 சின்ன பர்ஸ், 3 நீள பர்ஸ், 2 டூல் ரோல் இருந்தால் மேஜை நிறைந்துவிடும். கூட்டினால் 69 மணி நேரச் சொச்சம். ஐந்து வாரத்துக்குள் முடிந்துவிடும். ஸ்டர்ஜிஸ் மாதிரி 10 நாள் ரேலி என்றால், ஒரு நாளைக்கு ஐந்து பெல்ட் என்று அடக்கமாக வைத்தாலும் 50 பெல்ட், 40 சின்ன பர்ஸ், 15 நீள பர்ஸ், 10 டூல் ரோல், 150 சாவிப் பட்டையாவது வேண்டும். அது 332 மணி நேரம், அதாவது 22 வாரம். மார்ச்சில் உட்கார்ந்தால் ஆகஸ்டில் எழுந்திருக்கலாம். அத்தனை தோலுக்கும் பணத்தை முன்கூட்டியே போட வேண்டும். விற்காமல் போனதை மறுபடி வண்டியில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும்.

சரி, அந்த 22 வாரத்தையும் கொடுத்துவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். ரேலியில் என்ன நடக்கும்?

ஸ்டர்ஜிஸ் 1938-இல் உள்ளூர் கிளப் ஒன்று நடத்திய பந்தயமாகத் தொடங்கியது. 2015-இல் 75-ஆவது ரேலிக்கு வந்தவர்கள் சுமார் 7 லட்சத்து 39 ஆயிரம் என்று மாநிலப் போக்குவரத்துத் துறை மதிப்பிட்டது. ஊரில் நிரந்தரமாக இருப்பவர்களோ சுமார் 7,000 பேர். இந்தக் கூட்டம் நடந்துகொண்டே இருக்கும் கூட்டம். ஒரு கடையில் டி-ஷர்ட், அடுத்ததில் கண்ணாடி, அதற்கடுத்ததில் எங்கோ ஆலையில் தைத்து மூட்டை மூட்டையாக இறக்கிய, கையில்லாத தோல் வெஸ்ட். அந்த வெஸ்ட் அடுக்குக்குப் பக்கத்தில்தான் உங்கள் கைவேலை பெல்ட் தொங்கும். பார்க்கிறவர் மனசில் ‘முழு வெஸ்ட்டே இந்த விலைதானே, ஒரு பெல்ட்டுக்கு ஏன் இவ்வளவு?’ என்ற கேள்வி வரும். அதற்கு நல்ல பதில் உங்களிடம் இருக்கிறது. ஆனால் அதைச் சொல்ல மூன்று நிமிடம் ஆகும், அவர் நிற்பது பத்து வினாடி.

இடவாடகை, 10 நாள் தங்கும் செலவு, வேலைக்கு எடுக்கும் விடுப்பு எல்லாம் இதன் மேல் வரும். தனியாளாக 10 நாள் கடையில் நிற்பதும் லேசு இல்லை. கடையை விட்டுக் கழிப்பறைக்குப் போகக்கூட ஆள் வேண்டும்.

இருந்தும் ரேலியில் தோல்காரர்கள் சம்பாதிக்கிறார்கள். எப்படி என்று கவனித்தால், பலருடைய வரும்படியும் வேலையிலிருந்து வருகிறது. ரேலிக்கு வந்தவர் அந்த வருடத்துப் பேட்ச்சை, அதாவது தைத்துப் போடும் துணிச் சின்னத்தை, வாங்குவார். அதைத் தன் வெஸ்ட்டில் அங்கேயே தைத்துப் போட்டுக்கொள்ள வேண்டும் என்பார். கனத்த தோலில் ஓடக்கூடிய வாக்கிங் ஃபுட் தையல் இயந்திரம் ஒன்றும் நூல் கண்டு நாலும் இருந்தால் போதும், வரிசை நிற்கும். சரக்கு சேர்க்க 22 வாரம் வேண்டாம். இந்த வேலை உங்களுக்குப் பிடிக்குமானால் ரேலி உங்களுக்கான இடமேதான். எனக்குப் பிடிக்காது. பேட்ச் தைக்கவா குத்தூசி பிடிக்கப் பழகினோம் என்று தோன்றிவிடும். அது என் வீம்பு, வியாபாரக் கணக்கில் சேராது.

பேட்ச் என்று வந்ததால் ஒன்று. முதுகில் மேலே பெயர், நடுவில் சின்னம், கீழே பிரதேசம் என்று மூன்று துண்டாகப் போடுகிற கிளப் பேட்ச்சுகளுக்கு அந்த உலகத்தில் கடுமையான மரியாதை உண்டு. யார் எதைப் போடலாம் என்பதில் விளையாட்டே இல்லை. யாரோ ஒருவர் கேட்டார் என்று தைத்தோ தோலில் செதுக்கியோ கொடுத்துவிடாதீர்கள். சட்டமும் அந்தப் பக்கம்தான் நிற்கும். 2010-இல் ஹெல்ஸ் ஏஞ்சல்ஸ் என்ற பைக் கிளப் தன் மண்டையோட்டுச் சின்னத்துக்காக ஒரு பெரிய ஃபேஷன் நிறுவனத்தின் மீதே வழக்குப் போட்டது. ஹார்லியின் பட்டையும் கேடயமும் சேர்ந்த சின்னமும் அப்படித்தான். அனுமதி இல்லாமல் பர்ஸில் அச்சடித்து விற்றால் மேஜையைக் காலி செய்யச் சொல்வார்கள். வாடிக்கையாளர் கேட்டால் அவர் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக் கொடுங்கள், அது போதும்.

அடுத்தது கஸ்டம் பைக் ஷோ. இங்கே நிலைமை வேறு. வருகிறவர்கள் நின்று பார்க்க வந்தவர்கள். கையால் வளைத்த டேங்க், கையால் தைத்த சீட் என்று பார்த்துக்கொண்டே வருவதால், கைவேலைக்கு ஏன் அந்த விலை என்று நீங்கள் விளக்க வேண்டியதில்லை. தோல் எங்கே பதனிட்டது என்று கேட்பார்கள். செயிண்ட் லூயிஸில் 1881 முதல் நடக்கும் ஹெர்மன் ஓக், 1867-இல் தொடங்கி இப்போது பென்சில்வேனியாவில் இருக்கும் விக்கெட் அண்ட் கிரெய்க் போன்ற பெயர்களைச் சொன்னால் தலையாட்டுவார்கள். மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோல் போகப் போக நிறம் ஏறும் என்பது அவர்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். நீள பர்ஸ் போன்ற விலை கூடிய பொருளுக்கு மூன்றிலும் இதுதான் சரியான இடம். ஆர்டரும் இங்கேதான் கிடைக்கும். பைக் கட்டுகிற ஒருவர் தன் அடுத்த வண்டியின் சீட்டுக்கு உங்களைக் கூப்பிட்டால், அந்த ஒரு ஷோவே வருடத்துக்குப் போதும்.

ஆனால் உள்ளே நுழைவது சுலபம் இல்லை. இந்த மாதிரி ஷோக்களில் பெரும்பாலும் இடம் குறைவு, கடைக்காரர்களைப் பார்த்துப் பொறுக்கித்தான் சேர்ப்பார்கள். நல்ல படங்கள் வேண்டும், உங்கள் வேலைக்கென்று ஒரு முகம் வேண்டும். எல்லாரும் செய்கிற பெல்ட்டை நீங்களும் செய்தால் நூறு விண்ணப்பத்தில் அதுவும் ஒன்று. இன்னொரு சிக்கல் வெளிச்சம். பழைய தொழிற்சாலைக் கட்டடங்களில், மாலை நேரத்தில், பைக்குகளுக்கு மட்டும் விளக்குப் போட்டு நடக்கும் ஷோவில் உங்கள் மேஜை இருட்டிலே கிடக்கும். கரும்பழுப்புத் தோலில் கரும்பழுப்பு நூல் என்றால் தையல் இருப்பதே தெரியாது. கையில் விளக்கு கொண்டுபோங்கள், வெளிர் நிற நூலில் தைத்த இரண்டு பொருளையாவது முன்னால் வையுங்கள். அப்புறம், பேசுகிறவர்கள் எல்லாரும் வாங்குவதில்லை. ‘அருமையான வேலை’ என்று இருபது பேர் சொல்லிவிட்டுப் பீர் வாங்கப் போவார்கள். போணி ஆகாத அந்த முதல் இரண்டு மணி நேரத்தில் மனசு தளரும்.

இப்போது ஸ்வாப் மீட். இதைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் ஆரம்பிக்கிறவருக்கு நான் சொல்லும் இடம் இதுதான்.

பார்வைக்கு இது தோல் விற்கிற இடமாகவே தெரியாது. புல்தரையில் தார்ப்பாயை விரித்து, துருப்பிடித்த கார்புரேட்டர், அடிவாங்கிய டேங்க், எந்த வண்டியுடையது என்று யாருக்கும் தெரியாத பிராக்கெட் என்று கொட்டி வைத்திருப்பார்கள். விடிவதற்கு முன்பே டார்ச் அடித்துக்கொண்டு வாங்க வருகிறவர்கள் உண்டு. கைகள் எண்ணெய்க் கை. வந்திருப்பது உதிரி பாகத்துக்கு. உங்கள் பொருள் அவர்கள் பட்டியலிலேயே இல்லை.

ஆனாலும் மூன்று காரணம் இருக்கிறது. ஒன்று, செலவு குறைவு, நாள் குறைவு. ஒரு வார இறுதி சரியாகப் போகாவிட்டால் ஐந்து வார உழைப்பு மேஜையில் மிஞ்சும், அது அடுத்த மீட்டுக்கு ஆகும். இரண்டு, வருகிறவர்கள் பொருள் தெரிந்தவர்கள். பெல்ட்டை எடுத்தவுடன் வளைத்துப் பார்ப்பார்கள், ஓரத்தைத் திருப்பிப் பார்ப்பார்கள். தோலின் கனத்தை அவுன்ஸில் சொல்வது இங்கே வழக்கம்; ஒரு அவுன்ஸ் என்பது அங்குலத்தில் 64-இல் ஒரு பங்கு, கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர். 8 முதல் 10 அவுன்ஸ் வரை கனமுள்ள ஒற்றைத் தோலில் வெட்டிய பெல்ட் என்று நீங்கள் சொல்லவே வேண்டாம், விரலால் பிடித்தவுடன் அவர்களுக்குத் தெரிந்துவிடும். இரண்டு மெல்லிய தோலை ஒட்டி ஓரத்தில் பெயின்ட் அடித்த பெல்ட்டும் அவர்களுக்குத் தெரியும். முகத்துக்கு நேரே குறையும் சொல்வார்கள். ‘டூல் ரோலில் இந்தப் பாக்கெட் ஆழம் பத்தாது, அரை அங்குல ஸ்பேனரை வைத்தால் கவிழும்’ என்று ஒருவர் சொன்னதற்குப் பிறகுதான் நான் அச்சையே மாற்றினேன். ஷோவில் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

மூன்றாவது காரணம்தான் பெரியது. ஸ்வாப் மீட்டில் உட்கார்ந்து வேலை செய்யலாம். ஒரு மரக்கட்டை, சுத்தி, பஞ்ச், டிக் பட்டன் அடிக்கும் அச்சு போதும். பெல்ட்டில் இன்னொரு துளை வேண்டும், வெஸ்ட்டில் பட்டன் போய்விட்டது, சீட்டுப் பட்டையில் தையல் விட்டுப்போச்சு என்று ஆள் வந்துகொண்டே இருப்பார். துளை போடக் காசு வாங்காதீர்கள். அவர் அங்கே நிற்கும் ஐந்து நிமிடத்தில் மேஜையில் இருப்பதை எல்லாம் எடுத்துப் பார்த்துவிடுவார். அவருடைய நண்பர் அதற்குள் சாவிப் பட்டை வாங்கியிருப்பார். நனைத்த தோலில் எழுத்து அச்சை வைத்து ஒரு தட்டு தட்டினால் அந்தச் சத்தத்துக்கே இரண்டு பேர் திரும்பிப் பார்ப்பார்கள்.

பெல்ட் விஷயத்தில் ஒரு யுக்தி. இடுப்பளவு 32, 34, 36 என்று 44 வரை ஒவ்வொன்றிலும் இரண்டு கொண்டுபோவது முட்டாள்தனம், கேட்கிற அளவு எப்போதும் தீர்ந்திருக்கும். நுனியும் துளைகளும் முடித்த நீளமான பட்டைகளாகக் கொண்டுபோங்கள். பக்கிள் பக்கம் மட்டும் வெட்டாமல் விட்டிருங்கள். ஆள் வந்ததும் அளவெடுத்து, பக்கிள் பக்கத்தை வெட்டி, திருகு ரிவெட்டால் பக்கிளை மாட்டிக் கொடுக்கலாம். பத்து நிமிட வேலை. அவர் போட்டிருக்கும் பெல்ட்டிலேயே பக்கிள் மடிப்பிலிருந்து வழக்கமாக மாட்டும் துளை வரை அளந்தால் அளவு தப்பாது. ஜீன்ஸ் அளவைக் கேட்டு வெட்டினால் சிறுத்துப் போகும். பெரும்பாலும் இரண்டு அங்குலமாவது கூட்ட வேண்டியிருக்கும். 12 பட்டையில் எல்லா இடுப்பும் அடங்கிவிடும்.

ஸ்வாப் மீட்டின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். பேரம் பேசுவார்கள், பேசாவிட்டால்தான் ஆச்சரியம். நீள பர்ஸ் லேசில் போகாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்கு மேல் ஆள் இருக்காது. எல்லாவற்றையும் விட, வெயிலும் மழையும். சாயம் போடாத தோலை மேஜையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி வைத்து ஒரு நாள் முழுக்க வெயிலில் விட்டால், மேலே தெரிந்த பகுதி கறுத்து, மறைந்திருந்த பகுதி வெளுத்துக் கோடு விழுந்துவிடும். மழைத் துளி விழுந்த இடம் கரும்புள்ளியாக நிற்கும். எனக்கு முதல் வருடம் மூன்று பர்ஸ் இப்படிப் போச்சு. 10-க்கு 10 அடிக் கூடாரத்தின் ஒவ்வொரு காலிலும் 15, 20 கிலோ எடையைக் கட்டுங்கள். காற்றில் பறந்த கூடாரம் பக்கத்துக் கடையின் 1940-களின் டேங்க் மேல் விழுந்தால் அந்த நஷ்டத்தைத் தோல் விற்று அடைக்க முடியாது. பொறுப்புக் காப்பீடு எடுத்துக்கொள்வது நல்லது, சில இடங்களில் அது கட்டாயம்.

வரி விஷயம் மூன்றுக்கும் பொது, ஆனால் ஊருக்கு ஊர் மாறும். விற்பனை வரி மாநிலத்துக்கு மாநிலம் வேறு, வெளியூர்க் கடைக்காரரும் அந்த மாநிலத்து உரிமம் வாங்கி வசூலித்துக் கட்ட வேண்டும். ஸ்டர்ஜிஸ் என்றால் மாநில வரி உரிமத்தோடு நகராட்சியின் தற்காலிக வியாபாரி உரிமமும் வேண்டும். லகோனியா இருக்கும் நியூ ஹாம்ப்ஷயரிலும், ஒன் மோட்டோ ஷோ நடக்கும் ஆரிகனிலும் விற்பனை வரியே கிடையாது. ஒற்றை ஆளுக்கு அது பெரிய நிம்மதி. வரி இல்லை என்பதால் உரிமமே வேண்டாம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள், நடத்துகிறவர்களிடம் கேளுங்கள்.

பணம் வாங்குவதிலும் வித்தியாசம் உண்டு. ஸ்வாப் மீட்டில் ரொக்கம் நிறையப் புழங்கும், சில்லறை கையில் வேண்டும். ஷோவில் கார்டு. ரேலியில் கார்டுதான், ஆனால் கூட்டத்தில் செல்போன் சிக்னல் செத்துப்போயிருக்கும். கார்டு கருவி சிக்னல் இல்லாமலே பதிந்துகொள்ளும்தான், ஆனால் பிறகு அந்தக் கார்டு செல்லாமல் போனால் நஷ்டம் உங்களுக்கு.

பைக்கில் மாட்டும் பை மட்டுமே செய்கிறவர்களுக்கு என் யோசனை கொஞ்சம் மாறும். பல ஹார்லிகளில் எக்ஸாஸ்ட் வலது பக்கம் ஓடுவதால் ஒற்றைப் பை இடது பக்கம்தான் தொங்கும், அதுவும் வண்டி ஃபிரேமின் வடிவத்துக்குப் பொருந்த வேண்டும், பட்டை சக்கரத்தில் சிக்கக் கூடாது. வாங்குகிறவரின் வண்டி பக்கத்தில் நிற்காமல் இதை விற்பது கஷ்டம். ரேலியில் வண்டியிலேயே வருகிறார்கள், கடைக்கு முன்னாலேயே மாட்டிப் பார்க்கலாம். ஆகவே ஆறு பை தைத்துக்கொண்டு, இரண்டு நாளுக்கு மட்டும், இன்னொருவர் கடையில் ஓர் ஓரத்தைப் பங்குக்கு எடுத்துப் போவது நியாயமான முயற்சி. ஊரில் இருக்கும் பைக் கடையில் கமிஷனுக்கு விட்டுவைப்பதையும் சிலர் சொல்வார்கள். இரண்டு பையை வேண்டுமானால் விடுங்கள், மேஜை முழுக்க வேண்டாம்.

மற்றவர்களுக்கு நான் சொல்லும் வரிசை: முதல் வருடம் காரில் போய் வரும் தூரத்தில் இரண்டு, மூன்று ஸ்வாப் மீட். அதில் எது முதலில் தீர்ந்தது, எதை எடுத்துப் பார்த்துவிட்டு வைத்தார்கள் என்று நோட்டில் எழுதி வையுங்கள். கோடை முடியும்போது உங்கள் வேலைக்கென்று ஒரு முகம் வந்திருக்கும். அப்போது நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்து, மாமா ட்ரைட் போலக் குளிர்காலத்தில் நடக்கும் ஷோ ஒன்றுக்கு விண்ணப்பம் போடுங்கள். ஸ்டர்ஜிஸுக்கும் போங்கள். முதல் தடவை கடை வேண்டாம், வேடிக்கை பார்க்கிறவராகவே போங்கள். பேட்ச் தைக்கும் கடைக்கு எதிரே ஒரு மணி நேரம் நின்று வரிசையை எண்ணிப் பாருங்கள்.